கிரீஸும் சோப்பும்

அத்தியாயம் 17

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் எவன் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று அவனவன் பெண்டாட்டிக்குத் தெரியாது. சுகிர்தாவுக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிற இருபத்திரண்டு பேருடைய யூனிஃபார்ம் அவள் கையில்தான் வெளுக்கிறது. தண்ணீரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டு, இருப்பதை எடுத்து, பேர் எழுதிய டப்பாவில் போட்டுவைப்பாள். பஸ் டிக்கெட், பாதி மாத்திரை அட்டை, நட்டு, போல்ட்டு, கேன்டீன் டோக்கன். ஒருத்தன் பாக்கெட்டில் மட்டும் எப்போதும் இரண்டு புளிப்பு மிட்டாய்.

தொழிலுக்கு வந்த முதல் மாதம் ஒரே ஒரு கேட் பாஸைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். அதில் யாரோ ஒரு மேனேஜர் ஜெல் பேனாவில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த நீல மை கரைந்து பாக்கெட்டுத் துணி முழுக்க ஊறி, பேண்ட்டே பாழாகி, அன்றைக்கு அவள் வாங்கிய ஏச்சு இருக்கிறதே, அப்பப்பா! அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு பாக்கெட் அவளிடம் தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவளின் தூக்கத்தை, சொந்த வீட்டுக்காரன் பாக்கெட்டில் இருக்கிற ஒரு காகிதம் இரண்டு வாரமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவள் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

வாராவாரம் கூடவே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் கதை தெரிய வேண்டாமா? துவைத்துத் துவைத்து சுகிர்தாவின் வலது தோள் இறங்கிப் போயிருக்கிறது. இப்படியே அடித்துத் துவைத்தால் ஆறே மாதத்தில் கையைத் தூக்கித் தலைகூட வார முடியாது என்று பொன்னேரி டாக்டர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்.

"நீ துவைக்கிறத நிறுத்து. நான் ரெண்டு வருஷம் கத்தார் போய்ட்டு வரேன்" என்றான் தானியேல்.

"நீ எங்கயும் போவாத. நான் துவைக்கிற விதத்த மாத்திக்கிறேன்" என்றாள் சுகிர்தா.

தானியேல் கம்பெனியில் ஃபிட்டர். கையில் ஸ்பேனர் இருந்தால் அவனுக்குச் சோறு வேண்டாம். கரன்ட் இல்லாமல் கையாலேயே ஓட்டுகிற ஒரு துவைக்கிற மெஷினைச் செய்து பார்க்கலாம் என்று இறங்கினான். முதலில் செய்தது ஒரு குத்துக்கம்பு. அது தோளை இன்னும் கெடுத்தது. இரண்டாவது, வாளிக்குள் சுற்றுகிற துடுப்பு. அதில் போட்ட சட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஜடை பின்னிக்கொண்டு வெளியே வந்தன, பிரித்தெடுக்க அரை நாள் ஆயிற்று. மூன்றாவதுதான் இப்போது வாசலில் நிற்கிறது. படுக்கவைத்த நீல டிரம், அதற்குள் ஓட்டை போட்ட இன்னொரு டிரம், பக்கவாட்டில் சைக்கிள் கிரிப் மாட்டிய கைப்பிடி. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுற்றலாம். முழங்கைதான் போய் வரும், தோளுக்கு வேலையே இல்லை.

அதைப் பார்க்கத்தான் இன்று பழவேற்காட்டிலிருந்து அசன் முகைதீன் பாய் வருகிறார். பழவேற்காட்டிலும் பொன்னேரியிலும் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர். ஆனால் கடையில் எது விற்கலாம், எது விற்கக் கூடாது என்று முடிவு செய்வது அவர் வீட்டம்மா ஜாஹிதா. அந்த அம்மாவும் கூட வருகிறார்.

நேற்று தானியேல் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள்.

"பாயம்மா சரின்னு சொல்ட்டாங்கன்னா, கத்தார் ஃபாரத்த உன் கண்ணு முன்னாலயே கிழிச்சிப் போட்றேன். வேணாம்னுட்டாங்கன்னா, சாயங்காலம் ஆறு மணிக்கு ரகு வந்து வாங்கிக்குவான். நாலு எடத்துல கையெழுத்து போட்டு ரெடியா வச்சிக்கீறேன். அவன் குடுத்த ஜெல் பேனாவுலயே."

ரகு அவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். நல்லவன்தான். ஏஜென்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறான் என்பதைத் தவிர அவன் மேல் ஒரு குறையும் கிடையாது.

ஆக, சனிக்கிழமை விடிந்தது.

* * *

நைட் ஷிஃப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்த தானியேல் படுக்கவில்லை. யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுகிர்தா விடிவதற்குள் எழுந்து இருபத்திரண்டு பேர் துணியையும் அலசிக் காயப்போட்டுவிட்டிருந்தாள். வருகிறவர்கள் கண்ணில் ஒரு அழுக்குத் துணி படக்கூடாது என்று அவளுக்கு.

தானியேலின் அக்கா கிரேஸ் தூக்குவாளியும் கையுமாக வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. ஆனால் அவள் வருவது ஒரு நிமிஷம் முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடும்.

"நாஷ்டா துன்னீங்களா? இட்லி எடுத்தாந்துக்கீறேன். டேய் தானி, பொண்ணு பாக்க வர்றாங்க, நீ இன்னாடா அழுக்கு யூனிஃபார்மோட நிக்கிற?"

"பொண்ணா? யார் பொண்ணு?"

"இதோ நிக்குதே உன் பொண்ணு!" என்று டிரம்மைத் தட்டினாள் கிரேஸ். பையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து, கைப்பிடியில் சுற்றினாள். "வர்றவங்க முன்னால மொட்டையா நிக்க வைப்பியா புள்ளய?"

சுகிர்தா சிரித்துவிட்டாள். அண்ணி வந்தாலே இப்படித்தான்.

தானியேல் உள்ளே போய், கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கழற்றிய நேவி ப்ளூ பேண்ட்டைத் துவைக்கிற இடத்துச் சுவர்மேல் எறிந்தான். அதன் பக்கவாட்டுப் பாக்கெட்டில் நான்காக மடித்த காகிதத்தின் வெள்ளை ஓரம் தெரிந்தது. சுகிர்தா பார்த்தாள், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ்ளோதான், ஒரு ஃபைனல் டச்" என்று மெஷினுக்குப் பின்னால் குனிந்து தானியேல் எதையோ தடவிக்கொண்டிருந்தான். கம்பெனி வாசனை அடித்தது. அவன் மேலே எப்போதும் அடிக்கிற வாசனைதானே என்று சுகிர்தா விட்டுவிட்டாள். கேட்டிருக்கலாம். என்ன செய்வது, கேட்கவில்லை.

* * *

பதினோரு மணிக்கு ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து அசன் முகைதீன் இறங்குவதற்குள் ஜாஹிதா இறங்கி வந்துவிட்டார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், கணீரென்ற குரல்.

"வாங்க பாயம்மா, வாங்க பாய்" என்றாள் சுகிர்தா.

"இதுதானா? பூ எல்லாம் வச்சிக்கீறீங்க!" ஜாஹிதா டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுக்குக் கரன்ட்டே வேணாமா?"

"வேணாங்க. கை போதும்" என்றான் தானியேல்.

"எங்கூருல கரன்ட்டு மெஷின் வாங்கறதும் காச ஏரியில போடறதும் ஒண்ணுதான். உப்புக் காத்து. என் ஊட்லயே மூணு மெஷின் துருப்புடிச்சிச் செத்துச்சு. மூணையும் மொட்டமாடில வரிசையா வச்சிக்கீறேன், கொத்தமல்லி போட்டு."

அசன் முகைதீன் சிரித்தார். "நல்லா வருதும்மா கொத்தமல்லி, அதச் சொல்லு."

"நீங்க சும்மா இருங்க." ஜாஹிதா கொண்டு வந்திருந்த பையிலிருந்து ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்தார். வெளியே போகும்போது போர்த்திக்கொள்கிற பெரிய துப்பட்டி. பழவேற்காட்டு மண்ணும் மீன்சந்தைச் சேறும் விளிம்பில் ஏறியிருந்தன. "என் துணியத்தான் போடணும். உங்க துணி உங்க பேச்சத்தான் கேக்கும்."

"போடுங்க பாயம்மா" என்றான் தானியேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தண்ணீர் ஊற்றி, சோப்புத் தூள் போட்டு, மூடியைத் திருகி, கைப்பிடியைப் பிடித்தான். சத்தமே இல்லை. வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. டிரம்முக்குள் தண்ணீர் தளக் புளக் என்று தாளம் போட்டது. கிரேஸ் பெருமையோடு அக்கம்பக்கத்தைப் பார்த்தாள். அசன் முகைதீன் தலையை ஆட்டினார். ஜாஹிதாகூடப் புருவத்தைத் தூக்கினார். கால் மணி நேரம் கழித்து, கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சா திறக்கிற மாதிரி தானியேல் மூடியைத் திறந்தான்.

துப்பட்டியை எடுத்து விரித்தான்.

வெள்ளையோ வெள்ளை. அதன் நடுவில், எட்டுப் பத்து இடத்தில், காக்காய் மிதித்துப் போன மாதிரி கறுப்புக் கறுப்பாகக் கறை.

அந்நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. ஐம்பத்தெட்டுப் பெட்டியாவது இருக்கும். அது போய் முடிகிற வரைக்கும் யாரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அது முடிந்த பிறகுதான் கஷ்டம்.

"இன்னாப்பா இது?" என்றார் ஜாஹிதா.

தானியேல் கறையைத் தொட்டான், விரலை முகர்ந்தான், முகம் செத்துவிட்டது. "கிரீஸு. நான்தாங்க. காலைல அச்சுக்கு கிரீஸ் வச்சேன். கம்பெனில எந்த மெஷின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாலயும் கிரீஸ் வச்சி வச்சி, அதே நெனப்புல..."

"அடப்பாவி! பொண்ணு பாக்க வர்ற நேரத்துல பொண்ணு மூஞ்சில கரியப் பூசிட்டியேடா!" என்று கிரேஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

சுகிர்தாவுக்கு அவனைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக கிரீஸோடு புழங்குகிற மனுஷன், இன்றைக்குத்தான் அதை முதல் தடவை பார்ப்பது போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் துப்பட்டியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"பாயம்மா, பத்து நிமிஷம் உக்காருங்க. இது போயிரும்."

"கிரீஸாவது போறதாவது. இது என் மருமவ வாங்கிக் குடுத்ததும்மா."

"எனக்கு வர்ற துணி மொத்தமும் கிரீஸ்தாம்மா. உக்காருங்க."

பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியை ஒரு மூடியில் ஊற்றிக்கொண்டாள். கறைக்கு அடியில் ஒரு பழைய துணியைக் கொடுத்து, கட்டைவிரலால் வெளியோரத்திலிருந்து உள்ளே வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். ஜாஹிதா ஸ்டூலில் உட்காரவில்லை. பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் நடுவுலேர்ந்து தேய்க்கல?"

"நடுவுலேர்ந்து தேய்ச்சா கறை பரவும். ஓரத்துலேர்ந்து வந்தா நடுவுல வந்து மாட்டிக்கும்."

"நாப்பது வருஷமா நான் நடுவுலேர்ந்துதான் தேய்ச்சிக்கினு கீறேன்."

ஒவ்வொரு கறையாகப் போயிற்று. கடைசிக் கறை போனதும் சுகிர்தா துப்பட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தாள், தோள் சுரீர் என்றது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜாஹிதா துணியைப் பார்த்தார். அவள் தோளையும் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! போயே போச்சு." அப்புறம் பெருமூச்சு விட்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா. நான் வாங்கினு போனா உன் கையத்தான் வாங்கினு போவணும். இந்த டிரம்ம வாங்கினு போயி, கிரீஸ் பட்ட துணிய எடுத்துனு யார் ஊட்டுக்குப் போறது? நாளைக்கு எங்க ஊரு பொம்பளைங்க என் கடை வாசல்ல வந்து நிப்பாங்க."

"நேரமாச்சு, மதியம் லுஹர் தொழுவணும், கெளம்பலாமா?" என்றார் அசன் முகைதீன் மெதுவாக. அவருக்கே தானியேலைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முடிந்தது. ஆறு மணிக்கு ரகு வருவான். சுகிர்தாவின் கண் தன்னையறியாமல் சுவர்மேல் கிடந்த பேண்ட்டுக்குப் போயிற்று.

"பாய், பள்ளிவாசலு பக்கத்துலதான் கீது. நீங்க போய்த் தொழுதுட்டு வந்துருங்க" என்று அவள் சொன்னது அவளுக்கே ஆச்சரியம். "பாயம்மா இங்கயே இருக்கட்டும். அதுக்குள்ள சரி பண்ணிட்றேன்."

"இன்னாத்த சரி பண்ணுவ?" என்றான் தானியேல். "கிரீஸ் இல்லாம ஓட்னா கீச் கீச்சுனு கத்தும் சுகி. பத்து நாள்ல அச்சு சுத்துற புஷ்ஷு தேஞ்சிரும்."

"மொதல்ல அந்த அச்ச கயட்டு."

"கயட்டி?"

"யோவ், கயட்டுன்னா கயட்டு! உன் பேண்ட் ஜிப்பு மாட்டிக்கினா நான் இன்னா பண்றேன்?"

"சோப்பு தேய்ப்ப."

சொல்லிவிட்டு தானியேல் அப்படியே நின்றான். வாய் பாதி திறந்திருந்தது. அப்புறம் பாய்ந்து ஸ்பேனரை எடுத்தான்.

அச்சைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெந்நீரில் கழுவி, துளி கிரீஸ் இல்லாமல் பளிச்சென்று ஆக்கினார்கள். சுகிர்தா ஒரு பார் சோப்பை எடுத்து, மஞ்சள் பூசுகிற மாதிரி அச்சு முழுக்க அழுத்தித் தேய்த்தாள். நைலான் புஷ்ஷுக்குள்ளும் விரலை விட்டு அப்பினாள். தானியேல் திரும்ப மாட்டினான். அவளே கைப்பிடியைச் சுற்றினாள்.

தானியேல் டிரம்மில் காதை வைத்துக் கேட்டான். இன்னொரு காதையும் வைத்துக் கேட்டான்.

"இன்னாடா?" என்றாள் கிரேஸ்.

"சத்தமே இல்லக்கா." உடனே ஃபிட்டர் புத்தி முழித்துக்கொண்டது. "ஆனா சோப்பு தண்ணில கரைஞ்சிடுமே?"

"கரைஞ்சா எங்க போவும்?" என்றாள் சுகிர்தா. "துணிக்குத்தான போவும்!"

முதலில் சிரித்தது ஜாஹிதாதான். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. தலையிலிருந்த முக்காடு நழுவுகிற அளவுக்குச் சிரிப்பு. "யா அல்லாஹ், அதானே! கரைஞ்சா துணிக்குத்தான போவும்!" அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி. ஆனா வெள்ளைத் துணியப் போட்டு என்ன ஏமாத்த வேணாம். அந்த கிரீஸு இருக்கே, அத இந்த மெஷினே எடுக்குமா? இருக்கிறதுலயே அழுக்குத் துணி எது, அதப் போடு."

கிரேஸ் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "நீ போய் வந்தவங்களுக்கு ஜில்லுனு எதனா வாங்கினு வா. இங்க நின்னு மறுபடியும் எதையாவது தடவப் போற."

தானியேல் கடைக்கு ஓடினான்.

லைன் வீடு முழுக்க இன்றைக்கு அழுக்குத் துணி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுவர்மேல் கிடந்த அந்த நேவி ப்ளூ பேண்ட். தொடையிலும் முழங்காலிலும் கிரீஸ் அப்பியிருந்தது. சுகிர்தா அதை எடுத்து, தண்ணீர் படுவதற்கு முன்னால் காய்ந்த சோப்பைக் கறைமேல் தேய்த்தாள். அப்புறம் பழக்க தோஷம், கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிற்று.

காகிதம் விரலில் தட்டியது.

எடுத்துப் போட டப்பா இருக்கிறது. 'தானி' என்று அவள் கையெழுத்தில் எழுதிய டப்பா. எடுத்து வைத்தால், ஆறு மணிக்கு அது ரகு கைக்குப் போனாலும் போகும். மெஷின் தேறுமா தேறாதா என்று இன்னும் யாருக்குத் தெரியும்? பாயம்மா இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருஷம். காலையில் ஏழு மணிக்குக் கதவு தட்டாது. கம்பெனி வாசனை இருக்காது. வாரத்துக்கு ஒரு தடவை போனில் முகம் தெரியும், அதுவும் சிக்னல் இருந்தால். அப்படி ஒரு வாழ்க்கை அவளுக்கு வேண்டாம். சத்தியமாக வேண்டாம்.

கையை வெளியே எடுத்தாள். வெறும் கை.

பேண்ட்டை டிரம்முக்குள் போட்டு, மூடியைத் திருகினாள்.

கிரேஸ் பார்த்துவிட்டாள். அவள் வாய் திறந்தது. சுகிர்தா நிமிர்ந்து அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பதினாறு அத்தியாயமாக கிரேஸைப் பார்த்துவருகிறோம், இப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை.

"நவுரு, நானே சுத்துறேன்" என்று ஜாஹிதா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நூறு சுற்று. அப்புறம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "கை வலிக்கவே இல்லியே" என்றார். இன்னும் நூறு. கூல்டிரிங்க் பாட்டில்களோடு தானியேல் திரும்பி வந்தபோது ஜாஹிதா பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தார். தொழுகை முடித்து அசன் முகைதீன் வந்து, "இப்டி குடு, நானும் பாக்கறேன்" என்று கேட்க, "நீங்க ஊட்ல சுத்தலாம், இப்ப பேசாம இருங்க" என்று விரட்டப்பட்டார். அந்த வார்த்தையைக் கேட்டதும் சுகிர்தா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். ஊட்ல சுத்தலாமா?

மூடி திறந்தது. அழுக்குத் தண்ணீர் கறுப்பாகக் கொட்டியது. இரண்டு தரம் அலசியபின் ஜாஹிதா பேண்ட்டை எடுத்து உதறி, முழங்காலைத் திருப்பி, தொடையைத் திருப்பி, வெயிலில் பிடித்து, மூக்கில் வைத்து முகர்ந்தும் பார்த்தார்.

"ஏங்க" என்றார் ஜாஹிதா. "வண்டில எடம் கீதா?"

"எதுக்கு?"

"இத ஏத்தணும்."

கிரேஸ் போட்ட கூச்சலில் லைன் வீட்டுக் கதவெல்லாம் திறந்தன.

"இரு, இரு, இன்னும் சொல்லி முடிக்கல. நோம்புக்கு முன்னால ஐம்பது வேணும். ஒவ்வொரு மெஷினோடயும் ஒரு பார் சோப்பு கட்டித் தரணும், யாரும் கிரீஸ் வைக்கக் கூடாதுன்னு சொல்லி. அப்புறம், உன் ஊட்டுக்காரு வர வேணாம்." ஜாஹிதா சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வந்து எங்க ஊருப் பொம்பளைங்களுக்குச் சுத்திக் காட்டணும். ஓரத்துலேர்ந்து தேய்க்கறதையும் சொல்லிக் குடுக்கணும்."

"வரேன் பாயம்மா" என்றாள் சுகிர்தா. அழக் கூடாது என்றுதான் நினைத்தாள். அழுதுவிட்டாள்.

"பொண்ண இன்னிக்கே அழைச்சினு போறாங்கடா தானி!" என்று கிரேஸ் கைப்பிடியில் இருந்த மல்லிகையைச் சரிசெய்து வழியனுப்பினாள். நான்கு பேர் தூக்கி குட்டி யானையில் ஏற்றினார்கள். வண்டி திரும்பிப் போகும்போது ஜாஹிதா பின்னால் எட்டி, டிரம்மை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போனார்.

* * *

ஐந்தே முக்காலுக்குத்தான் தானியேலுக்கு இரண்டு விஷயம் உறைத்தது.

"சுகி, இருந்த ஒரே மெஷினும் போச்சே. நாளைக்கு இருபத்திரண்டு பேர் துணிக்கு இன்னா பண்றது?"

"நீதான் துவைக்கணும். உனக்குத்தான் தோள் கல்லு மாதிரி கீதே."

"துவைக்கிறேன், அதுல இன்னா." அப்புறம் சட்டைப் பையைத் தடவினான். பேண்ட் பாக்கெட்டைத் தடவினான். "ஏய், அந்த ஃபாரம்? உன் கண்ணு முன்னால கிழிக்கிறேன்னு சொன்னேனே. எங்க வச்சேன்?"

கிரேஸ் திடீரென்று இட்லிப் பாத்திரம் கழுவுவதில் மும்முரமானாள்.

தானியேலின் பார்வை கொடியில் தொங்கிய நேவி ப்ளூ பேண்ட்டில் போய் நின்றது. மெதுவாக நடந்து போனான். பாக்கெட்டுக்குள் கைவிட்டான். வெளியே எடுத்த கையில், பிசைந்த இடியாப்ப மாவு மாதிரி ஒரு வெள்ளை உருண்டை.

"சுகி, நீ பாக்கெட் பாக்கலியா?"

"மறந்துட்டேன்."

"நீயா?"

"ஏன், நான் மறக்கக் கூடாதா? பதினோரு வருஷத்துல ஒரு வாட்டி மறந்தேன்."

கிரேஸால் அதற்கு மேல் முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். தானியேல் உருண்டையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் என்னவோ ஒரு திருட்டுத்தனம் இருந்தது.

சுகிர்தா எழுந்து போய் அந்த உருண்டையை வாங்கினாள். விரலால் பிட்டுப் பார்த்தாள். வெள்ளை. பேண்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துத் திருப்பினாள். உள்துணியும் வெள்ளை வெளேரென்று இருந்தது. எத்தனை பாக்கெட் பார்த்தவள் அவள்! ஜெல் பேனாவில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்ட காகிதம் இவ்வளவு நேரம் தண்ணீரில் சுற்றியிருந்தால், இந்தப் பாக்கெட் இந்நேரம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யோவ்."

"ம்."

"நீலம் எங்கய்யா?"

தானியேல் ரயில்வே லைனைப் பார்த்தான்.

"நாலு எடத்துல போட்டேன்னியே. ஒரு சொட்டு மை கூட எறங்கல. எங்க கையெழுத்து?"

"அது... பேனா எழுதல."

"ரெண்டு வாரமாவா எழுதல?"

"போடணும்னுதான் தெனம் எடுப்பேன்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "உன் தோளப் பாத்தா போட்டுரலாம்னு தோணும். உன் மூஞ்சப் பாத்தா மூடி வச்சிருவேன். போட்டேன்னு சொன்னாத்தான் நீ மெஷினுக்கு இன்னும் மும்முரமா நிப்பன்னு..."

"பொய் சொன்ன."

"நீ மட்டும் மறந்துட்டியாக்கும்?"

சுகிர்தா அந்த வெள்ளை உருண்டையை அவன் நெஞ்சில் விட்டெறிந்தாள். அது கிறிஸ்துமஸ் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கிரேஸ் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தைரியமாகவே சிரித்தாள்.

தானியேலின் போன் அடித்தது. ரகு. தானியேல் எடுக்கத் தயங்கினான். சுகிர்தா பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணி, தானி ஊட்ல கீறானா? லெவல் கிராசிங்ல கீறேன். தனியா வரல, ஏஜென்ட் சாரயும் கையோட கூட்டினு வரேன். ஃபாரத்துல எதனா தப்பு இருந்தா கூட பரவால்ல, அவருகிட்ட கட்டுக்கட்டா வேற ஃபாரம் கீது!"

சுகிர்தா வீட்டுக்காரனைப் பார்த்தாள். ஈரக் காகிதத்தைச் சட்டையிலிருந்து சுரண்டிக்கொண்டு நின்றான். கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வா ரகு, தாராளமா வா" என்றாள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒல வைக்கிறேன், நல்லா சாப்ட்டுட்டுப் போங்க. பேனா மட்டும் எடுத்துனு வராத."